‘உறுமுகிறார்’ என்பது பிழையா?



சில மாதங்களுக்கு முன் தொடக்கநிலை ஐந்தில் பயிலும் மாணவன் ஒருவன் ‘என் பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையைத் திருத்தினேன். தன் தந்தையிடம் உள்ள ருத்ரா குழுவின் இசைவட்டுகளைக் கேட்பதே தன் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தான். “பாடகர் உறுமுகிறார். மேளம் இடிக்கிறது. என் நெஞ்சு அதிர்கிறது” என்பன அவனுடைய வாக்கியங்கள். நான் சிவப்பு மையால் ‘உறுமுகிறார்’ என்பதை அடித்துவிட்டு, ‘பாடுகிறார்’ என்று எழுதினேன். ஓரத்தில் ‘நல்ல பொழுதுபோக்கைப் பற்றி எழுதுக’ என்றும் குறித்தேன். அந்த இசையில் ஒரு நொடியைக்கூட அதுவரை நான் கேட்டதில்லை.

அன்று மாலை பிடோக்கில் ஓர் உணவங்காடி நிலையத்தில் தேநீர் அருந்தும்போது சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அது இசையா? வெறும் இரைச்சல். பிள்ளைகளைக் கெடுத்துவிடும்” என்றார். நானும் தலையாட்டினேன். அவரும் அதைக் கேட்டதில்லை என்பது பேச்சின் முடிவில்தான் தெரிந்தது! கேளாமலே தீர்ப்பளித்த இருவர், தேநீரின் சூட்டை மட்டும் சரியாகச் சோதித்தோம். வெட்கப்பட்டு, அன்றிரவே கேட்கத் தொடங்கினேன். இந்தப் பதிவு அந்தத் தீர்ப்புக்கு எதிரானது. முதலில் என் தீர்ப்புக்கு எதிரானது.

ருத்ரா 1992இல் சிங்கப்பூரில், நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற இளைஞர்கள் தொடங்கிய குழு. கதிரசன் பாடுகிறார், பேஸ் கித்தாரும் அவரே. 1998இல் முதல் இசைத்தொகுப்பு, 2003இல் ‘குருக்ஷேத்ரா’, 2005 முதல் 2011 வரை ‘பிரம்மவித்யா’ என்னும் பெயரில் மூன்று, 2022இல் ‘எய்ட் மகாவித்யாஸ்’. தங்கள் இசையை ‘வேத மெட்டல்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பாடும் பொருள் வேதாந்தம். ஆசிரியர்களாகிய நம்மைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தின் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் இக்குழுவைப் பற்றி 2009இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார். ஆய்வாளர் கேட்டுவிட்டார், வகுப்பாசிரியர் கேட்கவில்லை.

‘ஹெவி மெட்டல்’ என்ற ஒரே பெயரைக் கேட்டதும் எல்லாம் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். பிளாக் சப்பாத் குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்காம் நகரில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இரு விரல்களின் நுனிகளை இழந்தவர். நெகிழி உறைகளை விரலில் மாட்டிக்கொண்டு, வலி குறைய மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்தியும் வாசித்தார். 1970இல் முதல் இசைத்தட்டு வெளிவந்த அக்குழுவின் கனத்த ஒலிக்கு அந்தக் காயத்திலும் ஒரு வேர் உண்டு. அந்த வேரிலிருந்து பல கிளைகள். சேற்றில் கால் புதைய நடப்பதுபோல் மெதுவாக ஊர்வது ‘ஸ்லட்ஜ்’. நியூ ஆர்லியன்சின் ஐஹேட்காட், குரோபார் போன்ற குழுக்கள் இவ்வகை. பாடகர் குழுவையும் வயலின் வரிசையையும் சேர்த்துக்கொள்வது ‘சிம்போனிக்’. பின்லாந்தின் நைட்விஷ், சுவீடனின் தேரியன் இவ்வகை. நம் ஊரின் வோர்ம்ராட் குழுவோ 2022இல் வெளியிட்ட ‘ஹிஸ்’ தொகுப்பில் 21 பாடல்களை ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

இவற்றை ஒரே அளவுகோலால் அளப்பது, வெண்பாவைப் பார்த்து ‘நீ ஏன் ஆசிரியப்பாவாக இல்லை?’ என்று கேட்பதற்கு ஒப்பாகும். தொல்காப்பியர் இருபது வண்ணங்களைச் சொல்கிறார். அவற்றில் தூங்கல் வண்ணமும் உண்டு, முடுகு வண்ணமும் உண்டு. தூங்குவது முடுகவில்லை என்று அவர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஸ்லட்ஜ் தொகுப்பைக் கேட்பவர் வினவ வேண்டியது, அந்த மெதுவான நடையில் பாரம் உண்மையாகவே ஏறுகிறதா என்பதே. சிம்போனிக் தொகுப்பில் வினவ வேண்டியது, வயலின்களை நீக்கிவிட்டால் பாட்டு குலையுமா என்பது. குலையாவிட்டால் அவை வெறும் ஒப்பனை. புதிதாக வரும் சிம்போனிக் தொகுப்புகள் பலவற்றில் இந்நோயைக் காண்கிறேன். வழிகாட்டி நூலில் மனப்பாடம் செய்த மரபுத்தொடர்களைக் கட்டுரை முழுவதும் தூவும் மாணவன்தான் நினைவுக்கு வருகிறான். அவனுக்கு நாம் முழு மதிப்பெண் கொடுத்துப் பழகிவிட்டோம் என்பது வேறு கதை.

‘பாடலின் பொருள் தீயதாக இருந்தால்?’ என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 மார்ச் 7 அன்று சுவீடனின் வாட்டைன் குழு இங்கே நடத்தவிருந்த நிகழ்ச்சிக்கு, அதே நாளில் அனுமதி மறுக்கப்பட்டது. கிறித்துவ சமயத்தைப் புண்படுத்துகிறது என்பதே எதிர்ப்பு. அம்முடிவை ஏற்பவர் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் அங்கே எதிர்க்கப்பட்டது சொல்லும் செயலும்; ஒலியின் முரட்டுத்தன்மை அன்று. சொல்லைப் படித்து எதிர்ப்பவரோடு நான் வாதிடலாம். ‘காது வலிக்கிறது, ஆகவே கெட்டது’ என்பவரோடு எதை வாதிடுவது? பறையையும் சாவுமேளம் என்று ஒதுக்கியவர்கள்தாமே நாம். இன்று மேடையில் அதற்குக் கைதட்டுகிறோம்.

ருத்ரா மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. ஆங்கிலத்தில் பாடுகிறார்கள், வடமொழியில் ஓதுகிறார்கள். நான் கேட்ட தொகுப்புகளில் தமிழ் எனக்கு எட்டவில்லை. தொல்காப்பியர் வல்லிசை வண்ணம் என்று ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறார். வல்லெழுத்துகள் மிகுந்து வருவது அது. க, ச, ட, த, ப, ற ஆறும் மோதி ஒலிக்கும் நம் மொழி இவ்விசைக்கென்றே வார்த்ததுபோல் இருக்கிறது. அது ஏன் அங்கே இல்லை என்று அவர்களைக் கேட்குமுன், எங்களை நான் கேட்க வேண்டியிருக்கிறது. உண்மையான விருப்பத்தைத் தமிழில் சொல்ல வந்த பிள்ளையிடம் ‘இது தமிழுக்கு உரிய விருப்பமன்று’ என்று சிவப்பு மையால் சொல்லி அனுப்புபவர்கள் நாங்கள். தமிழ்ப் பாடநூலில் பொங்கல் உண்டு, கோலம் உண்டு, பரதம் உண்டு. பிள்ளையின் காதுக்குள் இருப்பதற்கு இடமில்லை. பிறகு ‘பிள்ளைகள் வீட்டில் ஏன் தமிழ் பேசுவதில்லை?’ என்று கருத்தரங்கு நடத்துகிறோம்.

‘உறுமுகிறார்’ என்ற அந்தச் சொல்லுக்குத் திரும்புகிறேன். கோயில் விழாக்களில் நாம் பக்தியோடு கேட்கும் உறுமி மேளம் உறுமுவதால்தான் அப்பெயர் பெற்றது. தொண்டையின் அடியிலிருந்து எழும் அந்தக் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் வினை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பத்து, பதினொரு வயதுப் பிள்ளை யாரும் சொல்லித் தராமல் அதைக் கண்டுபிடித்திருந்தான். அக்கட்டுரைக் கட்டில் உயிருள்ள வினைச்சொல் அது ஒன்றுதான். அதற்கு நான் அரை மதிப்பெண் குறைத்திருந்தேன்.

மறுவாரம் அவனை அழைத்து, திருத்தியது என் பிழை என்று சொல்லி மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். “பரவாயில்லை சார்” என்றான். அதற்குள் அவன் கட்டுரையைத் திருத்தி எழுதி முடித்திருந்தான். பொழுதுபோக்கு நீச்சல் என்று இருந்தது. பிழை ஒன்றுகூட இல்லை. பெற்றோர் சந்திப்பின்போது அவன் தந்தை சொன்னார்: அவனுக்கு நீந்தத் தெரியாதாம்.