கழுவெளிக் காசுக்குக் கணக்கு எங்கேங்க?

திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் பஸ்ல போன மக்கள் உப்பளத்தைப் பாத்திருப்பீங்க. அந்தப் பக்கம்தான் கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரை பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தாச்சு. ரொம்ப சந்தோஷம்.

பேர் வந்தா மானியமும் வரும். அதுக்குக் கணக்கு? 'பயன்பாட்டுச் சான்றிதழ்'னு ஒண்ணு இருக்கு. அதை எழுதிக் கையெழுத்துப் போடறது யாரு? செலவு செஞ்ச அதே தரப்பு! பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தற கதை. கரை போட்டோம், கருவேலம் வெட்டினோம்னு எழுதிடலாம். வெட்டினது மறுபடி முளைச்சுதா, மீன் ஏறுதா, நாரை வருதா? யாரும் திருடினாங்கன்னு நான் சொல்லலை. திருடலைன்னு தெரிஞ்சுக்க எனக்கு வழியில்லைங்கறதுதான் என் கோபம்.

"அதான் சிஏஜி இருக்கே"ம்பீங்க. இருக்கு, நல்லாவும் தோண்டுது. காட்டை எடுத்ததுக்கு ஈடா மரம் நடற திட்டத்தைப் பத்தி 2013-ல் ஒரு அறிக்கை குடுத்தாங்க. நாடு முழுக்க ஈடா வந்திருக்க வேண்டிய நிலம் சுமார் 1,03,382 ஹெக்டேர். வந்தது 28,086. மரம் நட்டதோ வெறும் 7,281! ஆனா இப்படி ஒவ்வொரு ஏரிக்கும் வருஷா வருஷம் வந்து பாக்க அவங்களால முடியுமா? அவங்க அறிக்கை போறதும் சட்டசபைக்கு. வானூர் பக்கம் வலை வீசறவர் கைக்கு அது எப்போ வரும்?

அமெரிக்காவைப் புகழறது என் வேலை இல்லை. ஆனா இதுல பாருங்க. துப்பாக்கி, தூண்டில் மேல போட்ட வரியை 1937, 1950 சட்டங்கள் மூலமா மாநிலங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கறாங்க. வேட்டை, மீன்பிடி லைசென்ஸ் கட்டணத்தை வேற செலவுக்குத் திருப்பினா மானியமே போச்சு. உள்துறையின் தணிக்கைக்காரங்க மாநிலம் மாநிலமா போய், எந்தச் செலவு இடிக்குதுன்னு டாலர் கணக்கோட இணையத்துல போட்டுடறாங்க.

நமக்கும் இது புதுசில்லை. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், 17வது பிரிவில், கிராம சபையே தணிக்கை பண்ணலாம்னு சொல்லுச்சு. குளம் வெட்டினதைத் தணிக்கை பண்ணத் தெரிஞ்ச ஜனத்துக்கு கழுவெளியைப் பண்ணத் தெரியாதா? அக்டோபர் 2 கிராம சபையில இந்தக் கணக்கைச் சத்தமா வாசிக்க என்னங்க தடை?

தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விழுப்புரத்துக்கு ஒரு மனு அனுப்பப் போறேன். 2021-லேர்ந்து வந்தது எவ்வளவு, எதுக்கு, சான்றிதழ் நகல் எங்கே - இவ்வளவுதான் கேள்வி. திண்டிவனம், வானூர் பக்கத்துப் பதிவருங்க யாராச்சும் கூட ஒரு மனு போடறீங்களா? :-)