மூரும் சோனகரும்

கல்முனையில் பிறக்கும் முஸ்லிம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில், பெற்றோரின் இனம் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதப்படுகிறது. அதே சான்றிதழ் ஆங்கிலத்துக்குப் போனதும் சோனகர் 'மூர்' ஆகிவிடுகிறார். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் ஏறத்தாழ 43 வீதத்தினர் இப்பெயருக்கு உரியவர்கள். எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்?

ஆங்கிலத்தில் 'மூர்' என்ற ஒலிக்குள் ஒன்றுக்கொன்று உறவற்ற பல சொற்கள் ஒளிந்திருக்கின்றன. புதர் மண்டிய, உழவுக்கு உதவாத தரிசு மேட்டுநிலம் ஒரு மூர். கப்பலைக் கயிற்றால் பிணைத்து நிறுத்துவது மற்றொன்று. சென்னையின் மூர் மார்க்கெட், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்து, 1985இல் தீக்கிரையானது. மக்களைக் குறிக்கும் மூர் கிரேக்க, இலத்தீன் வழி வந்தது. இன்றைய மொரோக்கோவையும் அல்ஜீரியாவின் வடபகுதியையும் உரோமர் மௌரெத்தானியா என்று அழைத்தனர், அந்நாட்டார் மௌரர்.

கப்பல்களை 'மூர்' செய்ததால் நாம் மூர்கள் ஆனோம் என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறேன். சிங்களவர் நம்மை 'மரக்கல' என்பதையும் சான்றுக்கு இழுப்பார்கள். கேட்க இனிய கதை. ஒலியொற்றுமைக்கு அப்பால் அதில் எதுவுமில்லை.

உண்மைக் கதை கசப்பானது. 711இல் வட ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த முஸ்லிம்களுடன் நூற்றாண்டுக்கணக்கில் பொருதிய ஐபீரியர், பிற்காலத்தில் எத்திசையில் முஸ்லிமைக் கண்டாலும் அதே பெயரால் அழைத்தனர். பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் இட்ட 'மோரோ' இன்றும் வழங்குகிறது. இலங்கைக்கு அதைக் கொண்டுவந்தவர் போர்த்துக்கேயர். 1626இல் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து 'மூர்'களை அவர்கள் விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, பெருந்தொகையினரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். ஏற்கெனவே இங்கிருந்த முஸ்லிம்களோடு அவர்கள் கலந்தனர். ஆக, அகதியாக வந்தவர்களுக்கு விரட்டியவன் இட்ட பெயரே இன்று அரச ஏட்டிலும் நிலைத்திருக்கிறது.

சோனகர் மட்டும் சொந்தப் பெயரா என்று கேட்கலாம். அதுவும் யவனர் என்பதன் திரிபுதான். மூலம் கிரேக்கரின் அயோனியா. ஆயினும் அது தமிழின் நாவில் உருண்டு தேய்ந்த சொல். யாழ்ப்பாணத்தில் அது ஒரு தெருவுக்கே பெயராயிற்று. 1990இல் அத்தெருவின் மக்கள் வெளியேற்றப்பட்ட பிறகும் சோனகத் தெரு சோனகத் தெருவாகவே இருக்கிறது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், மொழியையும் வழக்கங்களையும் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த வேளை அது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், அரபு வம்சத்தை முன்வைத்து மறுத்தார். அஸீஸின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆசனம் பறிபோனால் குரலும் போகும். ஆனால் இருவருமே அரசியல் உரிமைக்கு வம்சாவளியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 'அரபுநாட்டுக்குப் போ' என்பவனும், மொரோக்கோவில் மூதாதையரைத் தேடும் நம்மவனும் அதே வாதத்தைத்தான் தொடர்கிறார்கள். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் தாய்வழியே குடி எண்ணும் மரபை எந்த மொரோக்கோவிலிருந்து கொண்டுவந்தோம்? அதே மரபு அயல் தமிழரிடமும் உண்டு. நாம் தனிச் சமூகம் என்பதற்கு, நாம் அவ்வாறு வாழ்ந்து வருவதே போதும்.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் இளம் நண்பர்கள் 'மூர் இனத்தவர்' என்று எழுதித் தரும்போதெல்லாம் அடித்துவிட்டுச் சோனகர் என்றே எழுதுகிறேன். இத்தீவுக்கு அசல் மூர் ஒருவர் வந்ததும் உண்டு. தஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா 1344இல் வந்து, பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்.