‘மனு முடிக்கப்பட்டது’ என்றால் நிலம் எங்கே?



பெரிய மார்க்கெட்டில் நேரு வீதிப் பக்கம் கீரை விற்கும் ஓர் அம்மாவுக்குப் போன வாரம் அரசுக் கடிதம் வந்தது. தண்ணீர் தெளித்த கீரைக்கட்டுகளுக்கு நடுவே நனையாமல் இருக்க அதை ஒரு பால் கவரில் சுருட்டி வைத்திருந்தார். எதிர்க்கடைக்காரர்தான் படித்துச் சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் அவருடைய தாத்தாவுக்கு டி.சி. நிலமாக, அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான பஞ்சமி நிலமாக, ஒப்படைத்த ஓர் ஏக்கர் சொச்சத்தை மீட்டுத் தரக் கேட்டு, குறைதீர் நாளில் கொடுத்த மனுவுக்குப் பதில். மொத்தம் மூன்று வரி. நிலம் இப்போது வேறொருவர் பெயரில் பட்டாவாக உள்ளது, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும், மனு முடிக்கப்பட்டது.

முடித்துவிட்டார்களாம்!

இதை எழுதியவர் வருவாய்த் துறையில் சம்பளம் வாங்குகிறவர். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த 1010-ஆம் எண் அரசாணையும் அவருடைய துறையின் சொந்தச் சரக்கு. பஞ்சமி நிலத்தின் நிபந்தனை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாறலாம். மீறினால் நஷ்டஈடு தராமல் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும் அதிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு, கட்டு பத்து ரூபாய்க்குக் கீரை விற்கிறவரை வக்கீல் ஃபீஸ் கட்டிக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்கச் சொல்கிறார்கள்.

அந்தத் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். விதைநெல்லுக்கும் மகள் கல்யாணத்துக்கும் பண்ணையில் கடன் வாங்கினார்; ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார். நிலம் பண்ணையோடு போனது. அதற்கப்புறம் அதே நிலத்தில் அவரே கூலிக்கு நாற்று பிடுங்கினார். பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் புதுச்சேரிக்கு வந்தார்கள்.

வந்ததுதான் இப்போது குற்றமாகிவிட்டது. மனு வாங்கிய இடத்தில் ஒருவர் ரேஷன் கார்டைத் திருப்பிப் பார்த்து, “பாண்டிச்சேரி கார்டை வெச்சிக்கினு இங்க நிலம் கேக்கறியாம்மா?” என்றாராம். சரி, புதுச்சேரியிலாவது அவர் இந்த ஊர்க்காரரா? இங்கே 1964-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, அதற்குப் பின் வந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழில் ‘மைக்ரண்ட்’ என்று எழுதுகிறார்கள். அங்கே போனால் புதுச்சேரி ஆள், இங்கே வந்தால் தமிழ்நாட்டு ஆள். இரண்டு அரசுகளுக்கும் நடுவே ஒரு குடும்பம் சர்வே எண் இல்லாமல் தொங்குகிறது.

“அவங்களே வித்துட்டாங்க, இப்ப வந்து கேட்டா?” என்பது வழக்கமான மறுப்பு. வேறு வகுப்பாருக்கு விற்கவே முடியாத நிலத்தை எப்படி விற்பது? நிபந்தனையை மீறிய கைமாற்றம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியாகிவிட்டது. “நூறு வருஷக் கதை” என்பார்கள் சிலர். நூறு வருஷத்துக்கு முந்தைய கோயில் மானியம், ஜமீன் பத்திரம் என்றால் மட்டும் இவர்களுக்குப் பழசாகத் தெரியாது. வாங்கியவர் பாவம், ஏமாந்துவிட்டார் என்றால், விற்றவரிடம் அவர் பணத்தைக் கேட்கட்டும். கோர்ட்டுக்குப் போக வேண்டியவர் அவர்தான்.

காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10-இல் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். 25 ஆண்டு கழித்து, 2019-இல் ‘அசுரன்’ படம் வந்ததும் தலைவர்களுக்குத் திடீரென்று பஞ்சமி நிலம் ஞாபகம் வந்தது. ஒருவர் படத்தைப் புகழ, இன்னொருவர் முரசொலி நாளேட்டின் அலுவலக இடம் பஞ்சமி நிலமா என்று கேட்க, மூலப்பத்திரம் எங்கே என்று மாதக்கணக்கில் சண்டை. அந்தச் சண்டையில் யார் சொல்வது சரியோ, அது தனி விஷயம். அந்தச் சத்தத்தில் எந்தக் கிராமத்திலாவது எத்தனை சென்ட் திரும்பியது என்று ஒரு தலைவரும் கேட்கவில்லை.

இந்த இழுத்தடிப்பு நம்மூரில் மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பண்ணையிலேயே குடியிருந்து உழைத்தவர்களுக்கு நிலம் கொடுக்க 1996-இல் சட்டம் போட்டார்கள். அங்கேயும் நிலத்துறை ஆயிரக்கணக்கான மனுக்களின் மேல் உட்கார்ந்துகொண்டது. 2019-இல் அரசியல் சாசன நீதிமன்றம், இந்தத் துறையை நம்பிப் பயனில்லை என்று மனுக்களைக் கவனிக்கத் தனி அதிகாரியை வைக்கச் சொன்னது. நம்மூர் அதிகாரிகளுக்கு அந்த அவமானம் நேர வேண்டாம் என்றால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. யுடிஆர் என்னும் நில ஆவணப் புதுப்பிப்பில் டி.சி. என்ற குறிப்பு காணாமல் போனதாகப் பல ஊர்களில் புகார் இருப்பதால், அதற்கு முந்தைய பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு கிராமத்திலும் விஏஓ அலுவலகச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டட்டும்: சர்வே எண், ஒப்படைப்புப் பெற்றவர் பெயர், இன்று பட்டா யார் பெயரில். மூன்றாவது பத்தியில் இருக்கும் பெயர்களைப் பார்த்தாலே, இத்தனை காலம் ஏன் ஒட்டவில்லை என்பது ஊருக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரிய மார்க்கெட், புதுச்சேரி