வாளியில் கிடந்த சட்டை

காலை நிகழ்ச்சி செய்பவர்கள் வீட்டில் பொழுது 4 மணிக்கே விடிந்துவிடும். சில மாதங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை அந்த நேரத்தில் குளியலறை விளக்கைப் போட்டேன். அழுக்குத் துணி வாளியில், துண்டுகளுக்கு அடியில் என் கணவரின் டி-சட்டை திணித்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஈரம். சோப்பு வாசம் இல்லை, வியர்வை வாசம்.

இதில் என்ன இருக்கிறது, ஆம்பளைங்க சட்டை வியர்க்காதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

கடந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், சவரம் செய்யும்போது அவர் கழுத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அதற்கு முன்பே பல வாரங்களாக இரவில் படுக்கை விரிப்பு நனையும் அளவுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. கோலாலம்பூர் வெக்கை என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம். கட்டியில் இருந்து சதை எடுத்துச் சோதித்தபோது ஹோட்ஜ்கின் லிம்போமா என்றார்கள். நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கும் வரக்கூடியது, ஆனால் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை என்று மருத்துவர் சொன்னார். அவருக்கு அப்போது 36 வயது. மருத்துவர் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோ. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 12 முறை. அந்த ஆறு மாதத்தில் எங்களுக்குள் ஒளிவுமறைவே இல்லை. எத்தனை முறை வாந்தி, வாயில் புண் இருக்கிறதா, மலம் போனதா, எல்லாம் பேசினோம். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமித்தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் வெப்பமானி என் கைப்பையிலேயே இருந்தது. இரண்டு முறை நள்ளிரவில் காரை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

அந்த நாள்களிலும் சிரிப்பு இருந்தது. முடி கொட்டிய வாரம் என் அத்தை, அதாவது அவருடைய அம்மா, மகனின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்துமலையில மொட்டை போடறதா நேர்ந்திருந்தேன். அவன் வீட்டுக்கே வந்து எடுத்துக்கிட்டான்." அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். பிறகு அத்தை சமையலறைக்குப் போய் அழுதார்.

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை என்று வந்தது. உறவினர்கள் எல்லோரும் அழைத்தார்கள். "அப்பாடா, முடிஞ்சிருச்சு!" என்றார்கள். அதோடு அழைப்புகள் குறைந்தன. டிபன் கேரியரில் வந்த சாப்பாடு நின்றது. அவர் வேலைக்குத் திரும்பினார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் பழைய வாழ்க்கைக்கு வந்துவிட்டோம்.

நாங்கள் ஒருவருக்கொருவர் மறைக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அந்தப் புதன்கிழமை நான் சட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நிலையத்துக்குப் போனேன். பிறந்தநாள் வாழ்த்து வாசித்தேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல் என்று சொன்னேன். நேயர் ஒருவர், "உங்க குரலைக் கேட்டாலே உற்சாகமா இருக்கு" என்றார். என் மனம் முழுக்க அந்த வாளிக்குள்தான் இருந்தது.

மாலையில் கேட்டேன். "ராத்திரி வேர்த்துச்சா?"

"ஏர்கோன் டைமர் நின்னுபோச்சு. வேர்த்துச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

"உன் முகத்தைப் பார்க்க முடியாமத்தான். சொன்னா அன்னிக்கு ராத்திரி நீ தூங்க மாட்ட."

நான் விடவில்லை. எத்தனை நாளாக, வேறு என்ன மறைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் பயம். நேரலையில் சில விநாடி சத்தம் இல்லாவிட்டாலும் கை நடுங்கும். வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவர் பேசாமல் இருந்தால் உடனே ஒரு கேள்வி. சாப்பிட்டீங்களா? தலை வலிக்குதா? ஏன் சோர்வா இருக்கீங்க?

கடைசியில் அவர் சொன்னார். "ராத்திரி நீ என் கழுத்துல கை போடுற இல்ல? நீ என்னைக் கட்டிப்பிடிக்கிறியா, கட்டி தேடுறியான்னு எனக்குத் தெரியல."

எனக்குப் பதில் வரவில்லை. நான் கட்டிதான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தூங்கிய பிறகு, பல மாதங்களாக, ஏறக்குறைய தினமும். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அழைத்துச் சொல்லி முன்னதாகவே போனோம். மருத்துவர் கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. "ஏர்கோன் இல்லாமல் தூங்கினால் எனக்கும் வியர்க்கும்" என்றார் மருத்துவர். பிறகு ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். விரிப்பே நனையும்படி திரும்பத் திரும்ப வியர்ப்பது. காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல். முயற்சி செய்யாமலே எடை குறைவது. இரண்டு வாரத்துக்கு மேல் மறையாத கட்டி. இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் வரச் சொன்னார். மற்றபடி அடுத்த பரிசோதனைவரை வாழ்க்கையைப் பாருங்கள் என்றார்.

அந்தத் தாள் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அதை வைத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அந்த நான்கில் எது வந்தாலும் அவர் அன்றே என்னிடம் சொல்லிவிட வேண்டும். வெப்பமானி என் கைப்பையிலிருந்து அலமாரிக்குப் போகும். கழுத்து அவர் பொறுப்பு. மாதம் ஒரு முறை அவரே தொட்டுப் பார்த்துக்கொள்வார். நான் தேடக் கூடாது. மற்ற நோய்ப் பேச்சுகள் எல்லாம் சனிக்கிழமை மாலை, வீட்டுக்குப் பக்கத்து மாமாக் கடையில், ஒரு தே தாரேக் குடித்து முடிக்கும் நேரத்துக்குள்.

முதல் சனிக்கிழமை அவர் சொன்ன ரகசியம் ரசம். கீமோ நாள்களில் அத்தை ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுவருவார். சிகிச்சை முடிந்த பிறகும் ரசம் தாளிக்கும் வாசம் வந்தாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அம்மா மனம் நோகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறார். குமட்டல் வந்த நாளில் சாப்பிட்டதை மூளை அதோடு சேர்த்துப் போட்டு வைத்துக்கொள்ளும். பலருக்கு இப்படி நடப்பதுண்டு. அத்தையிடம் நான்தான் சொன்னேன். "இத்தனை மாசம் ஏண்டா சொல்லல?" என்று மகனைத் திட்டினார். அடுத்த ஞாயிறு மீன் குழம்போடு வந்தார்.

இரண்டாவது வாரம் அலுவலகம். பிற்பகல் ஆனால் கண் இருட்டுவது போன்ற சோர்வு, கூட்டத்தில் தெரிந்தவர் பெயரே மறந்துபோவது. கீமோ முடிந்தும் பல மாதங்களுக்கு இது இருக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவர் மேலாளரிடம் வாய் திறக்கவில்லை. "நோயாளின்னு நினைச்சுடுவாங்க" என்றார். உங்கள் வீட்டிலும் இதே நிலை இருந்தால் சில விவரங்கள் உதவும். தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கும் வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் இருக்க வேண்டிய நிலை வந்தால் சாதாரண மருத்துவ விடுப்பு போக ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி 1 முதல், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி கட்டாயம் சம்மதிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நோய்க்குப் பிறகு மீண்டும் வேலைக்குப் போக உதவும் திட்டம் ஒன்றும் சொக்சோவில் 2007 முதல் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. தயங்காமல் போய்க் கேளுங்கள். என் கணவர் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை.

மூன்றாவது சனிக்கிழமை என் முறை வந்தது.

கீமோ தொடங்கும் முன், பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்றால் விந்தணுவைச் சேமித்து வைப்பது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சில மருந்துகள் அந்த ஆற்றலைப் பாதிக்கக்கூடும் என்பதால். நோய் என்று தெரிந்த அதே வாரத்தில், கைகால் ஓடாத நிலையில் அதையும் செய்தோம். ஓர் ஆண்டு முடிந்ததும் சேமிப்புக் கட்டணத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, வெப்பமானி இருந்த அதே கைப்பையில் போட்டு வைத்துக்கொண்டேன். அவரிடம் காட்டவில்லை. குழந்தை என்று பேச்செடுத்தால், நோய் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே வரும். அதை அவர் வாயால் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. விசேஷங்களில், "எப்போ நல்ல செய்தி?" என்று கேட்பவர்களிடம் சிரித்து மழுப்பியதும் அதனால்தான்.

கடிதத்தை மேசைமேல் வைத்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. அவர் தேதியைப் பார்த்தார்.

"கெடு முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு."

"தெரியும்."

"என் சட்டைக்கு நீ போட்ட சண்டை ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பணியாளரை அழைத்து இன்னொரு தே தாரேக் சொன்னார், "கூராங் மானிஸ்" என்று. அன்று ஒரு கோப்பைக் கணக்கை மீறிப் பேசினோம். நோய் திரும்பினால் என்ன செய்வோம் என்பதையும் பேசினோம். நான் பயந்த அளவுக்கு அந்தப் பேச்சு கொடூரமாக இல்லை. குழந்தைக்கு இன்னும் சிறிது காலம் பொறுக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை அவரே அந்த மையத்தை அழைத்தார். நல்லவேளை, இன்னும் வைத்திருந்தார்கள். கட்டணம் கட்டிவிட்டோம்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. பெயர் போடாதே. ரசம் விஷயத்தைக் கட்டாயம் போடு, சொந்தக்காரங்க எல்லாம் கொண்டு வர்றதை நிறுத்துவாங்க" என்றார்.

சிகிச்சை முடிந்த ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், "முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு விலகிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்தும் ஒரு முறை அழையுங்கள், கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக. அந்த வீட்டுக்காரராக நீங்களே இருந்தால், உங்கள் கைப்பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நேற்று இரவும் ஏர்கோன் டைமர் நின்றுவிட்டது. அவர் எழுந்து, "வேர்க்குது, ரிமோட் எங்கே?" என்று சத்தமாகக் கேட்டார். என் தலையணைக்கு அடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நான் தூங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் தூங்கிவிட்டேன்.