வாஷருக்கும் முன்பக்கம் பின்பக்கம் உண்டு சாமி!

"வாஷருக்கு ஏதுப்பா முன்பக்கம் பின்பக்கம்? எப்படி வேணா போடு."

வொர்க்‌ஷாப்ல நான் கேட்ட கேள்விக்குக் கிடைச்ச பதில் இது. கூட நின்ன பசங்க சிரிச்சாங்க. எனக்கு இன்னும் கடுப்பு அடங்கல.

காரணம் இருக்கு. போன மாசம் எங்க கோ-கார்ட்ல எஞ்சின் மவுண்ட் போல்ட் ரெண்டு தளர்ந்துபோச்சு. ஓட்டினவன் என் ரூம்மேட். சத்தம் மாறினதைக் கவனிச்சு நிறுத்திட்டான், தப்பிச்சோம். கழட்டிப் பார்த்தா, போல்ட் தலையைப் பார்த்த பக்கத்துல வாஷர் ஓட்டையைச் சுத்திப் பிசிறு நசுங்கி பளபளன்னு ஒரு வளையம். வாஷர் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், நாங்க டார்க் ரெஞ்ச் இல்லாம கைக்கணக்குல முறுக்கின ஆளுங்க. ஆனா அதுக்கும் பங்கு உண்டு.

சாதாரண வாஷர் ஒண்ணைக் கையில எடுங்க. தகட்டுல பஞ்ச் அடிச்சு வெட்டினது அது. ஓட்டையோட ஒரு விளிம்பு மழமழன்னு உருண்டிருக்கும், மறுபக்கம் பிசிறோட கூரா இருக்கும். விரலை உள்ள விட்டுத்தான் (மெதுவா!) பார்க்கணும். வெளிவட்டத்தைத் தடவி முடிவு பண்ணினா ஏமாந்துடுவீங்க. ஓட்டையையும் வெளிவட்டத்தையும் ஒரே அடியில வெட்டற காம்பவுண்ட் டைல ரெண்டு பிசிறும் ஒரே பக்கம் வரும். முதல்ல ஓட்டை, அப்புறம் வெளிவட்டம்னு வெட்டற ப்ரோக்ரஸிவ் டைல எதிரெதிர் பக்கம் வரும்.

போல்ட் தலையும் தண்டும் சேர்ற இடத்துல சின்னதா ஒரு வளைவு இருக்கே, ஃபில்லட், அங்க கூரான விளிம்பு போய் முட்டினா தலை சரியா உக்காராது. போல்ட்ல ஃபடீக் விரிசல் ஆரம்பிக்கிற முக்கியமான இடங்கள்ல அதுவும் ஒண்ணு. அதனால உருண்ட பக்கம்தான் தலையைப் பார்க்கணும்.

"ஒரு பிசிறு என்னடா பண்ணிடும்?" கணக்குப் போடுவோம். 20 மி.மீ. பிடிப்பு நீளம், 400 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு. எஃகு போல்ட் நீள்றது மொத்தமே 0.04 மி.மீ. ஓடும்போது பிசிறு 0.01 மி.மீ. நசுங்கினா, போல்ட்டை மட்டும் பார்த்தாலே இறுக்கத்துல கால்வாசி காலி!

நான் சொன்னா சிரிப்பீங்க, சரி. ஐரோப்பாவோட எஃகுக் கட்டுமானத் தரநிலை ஈ.என். 1090-2 என்ன சொல்லுது? முன்னிறுக்கம் குடுக்கற போல்ட்ல தலைக்கு அடியில சரிவு செதுக்கின வாஷர்தான் போடணும், சரிவு தலையைப் பார்த்து இருக்கணும். சரிவு இல்லாததை நட்டுக்கு அடியில மட்டும்தான் போடலாம்.

பெயிண்ட் கீறும்னு ஒரு கோஷ்டி வரும். கட்டில், ஷெல்ஃப் மாதிரி லேசான வேலைன்னா தாராளமா திருப்பிப் போட்டுக்கோங்க, சண்டை இல்ல. எஞ்சின் மவுண்ட்ல பெயிண்ட் அழகு பார்க்கிறவங்களோடதான் எனக்குப் பிரச்சினை. "அதான் ஸ்ப்ரிங் வாஷர் இருக்கே"ன்னு சொல்றவங்க, நாசா 1990-ல வெளியிட்ட ஃபாஸ்டனர் கையேட்டைப் படிங்க. போல்ட் முழுசா இறுகும்போது அது தட்டையாகி வெறும் வாஷர் ஆயிடும், பூட்டறதுக்குப் பிரயோஜனம் இல்லன்னு போட்டிருக்கு.

ஞாயித்துக்கிழமை கார்ட்ல இருக்குற 32 வாஷரையும் கழட்டி, ஒவ்வொண்ணா தடவிப் பார்த்து மாட்டப்போறேன். டார்க் ரெஞ்ச் இருக்குறவங்க யாராவது கடன் குடுங்கப்பா.