குட்டிக்குக் காய்ச்சலா?

"அம்மா! மணிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது, தொட்டுப் பாரேன்!" என்று கத்தினான் என் சின்னவன்.

எங்கள் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் பக்கத்திலிருந்து அவன் தூக்கி வந்த நாய்க்குட்டி. இரண்டு மாதம்தான் இருக்கும். தொட்டேன், சுடத்தான் செய்தது. பிள்ளைக்குக் கொடுக்கிற காய்ச்சல் சிரப்பை எடுத்து மூடியைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வந்தார் மாடு வளர்க்கிற பக்கத்து வீட்டு அக்கா.

"ஏன் தங்கச்சி, எதுக்கும் மாட்டாஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுக் குடேன்!"

போனேன். டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "101.8. இது காய்ச்சலே இல்லைம்மா. நாய்க்கு இதுதான் சரியான சூடு."

நமக்கு 98.4 என்றால் நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை. அதனால்தான் நம் கைக்கு எப்போதும் சுடுகிறது. 103-ஐத் தாண்டினால்தான் காய்ச்சல். 104 என்றால் உடனே ஓட வேண்டும். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதும் சரியல்ல. தூங்கி எழுந்த குட்டிக்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

அந்த சிரப்? "பாரசிட்டமாலை நாமாகக் கொடுக்கவே கூடாது, கல்லீரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்" என்றார். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

குட்டிக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் மெல்ல ஓர் அங்குலத்துக்கும் குறைவாக நுழைத்து, 'பீப்' சத்தம் வரும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் குட்டியை அணைத்துக்கொண்டால் சுலபம்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் ராத்திரி முழுக்க வாந்தி. விடிந்தபோது ரத்தம் கலந்த பேதி, தாங்க முடியாத நாற்றம். தொட்டால் சூடே இல்லை. "காய்ச்சல் இல்லையே, சரியாயிடும்" என்றார் என் வீட்டுக்காரர். தெர்மாமீட்டர் வைத்தேன்: 98.6! நமக்கு அது நல்ல சூடு. குட்டிக்கோ, உடம்பு சில்லிடுகிறது என்று அர்த்தம்! 99-க்குக் கீழே போனால் காய்ச்சலைவிட ஆபத்து. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்; ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், திரும்பவில்லை. பிடரித் தோலை இழுத்து விட்டால் உடனே படியவில்லை. உடம்பில் நீர் வற்றிவிட்டது.

துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். பார்வோ என்ற வைரஸ் நோயாம். ஐந்து நாள் டிரிப் ஏற்றிய பிறகுதான் மணி வாலாட்டினான். "சாயந்திரம் வந்திருந்தா கஷ்டம்தாம்மா" என்றார் டாக்டர்.

தப்பு என்னுடையது. 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தடுப்பூசியைத் தள்ளிக்கொண்டே போனேன். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடி தடுப்பூசி. இதைப் பிள்ளையின் ஊசி அட்டை மாதிரி எழுதி வையுங்கள். பார்வோ நம் பிள்ளைகளுக்குத் தொற்றாது. ஆனால் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். வேறு குட்டிகளை அங்கே விடாமல், தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள்.

உங்கள் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறதா? முதல் வாரத்தில் குட்டிகளின் சூடு 95 முதல் 98 வரைதான். நான்காவது வாரத்தில்தான் பெரிய நாயின் சூட்டுக்கு வரும். அதுவரை சாக்கும் பழைய துணியும் விரித்து, காற்றுப் படாமல் வையுங்கள். சில்லிட்ட குட்டிக்கு அவசரப்பட்டுப் பால் புகட்டாதீர்கள், செரிக்காது. மடியில் அணைத்து மெல்லச் சூடேற்றிய பிறகுதான் பால்.

வாயில்லா ஜீவன், 'அம்மா, வலிக்குது' என்று சொல்லுமா? குட்டி நன்றாக இருக்கும்போதே ஒருநாள் அதன் சூட்டையும் ஈறின் நிறத்தையும் பார்த்து வையுங்கள், சகோதரிகளே. மாற்றம் வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.