டீன்ஏஜ் வாசகர்களைத் திரட்டும் பதிப்பகங்கள்: ஆன்லைனில் புத்தகம் விற்பது யார்?

2014-ல் வெளியான நாவல் ஒன்று, ஆறு வருஷம் கழிச்சு 2020-ல் திரும்பவும் அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலில் ஏறியது. இ.லாக்ஹார்ட் எழுதிய 'வீ வேர் லையர்ஸ்' தான் அது. காரணம், டிக்டாக்கில் டீன்ஏஜ் வாசகர்கள் போட்ட சின்னச் சின்ன வீடியோக்கள்.

புக்டாக் என்றால் என்ன?

டிக்டாக்கில் புத்தகம் பற்றிப் பேசுபவர்கள் பயன்படுத்தும் ஹேஷ்டேக் இது. கதையின் முடிவைப் படித்து அழுவது, பிடித்த பாத்திரத்துக்காகச் சண்டை போடுவது என எல்லாம் உண்டு. 2017-ல் வந்த ஆடம் சில்வேராவின் நாவலும் இப்படித்தான் மறுவாழ்வு பெற்றது. பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைகளில் 'புக்டாக்' என்றே தனி மேஜை போட்டார்கள்.

இது புதுசா?

இல்லை. எழுத்தாளர் ஜான் கிரீன், தன் சகோதரர் ஹாங்க் கிரீனுடன் 2007-லேயே யூடியூப் சேனல் தொடங்கினார். அறிவியல், அரசியல், கேலி என எல்லாம் பேசினார்கள். அதைச் சுற்றி இளம் ரசிகர் கூட்டம் உருவானது. 2011-ல் அவர் தன் அடுத்த நாவலின் பெயரை அறிவித்தபோது, புத்தகம் வர ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் முன்பதிவிலேயே அமேசானில் முதலிடம்! முதல் பதிப்பின் 1,50,000 பிரதிகளிலும் அவரே கையெழுத்துப் போட்டார். அதுதான் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'.

பதிப்பகங்களே தொடங்கினால்?

இங்கேதான் சறுக்கல். ஹார்ப்பர்காலின்ஸ் 2009-ல் 'இங்க்பாப்' என்ற தளத்தை டீன்ஏஜ் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. எழுதலாம், மற்றவர் எழுதியதற்கு ஓட்டுப் போடலாம். 2012-ல் அது 'ஃபிக்மெண்ட்' என்ற தளத்தின் கைக்குப் போனது. அடுத்த வருஷமே ஃபிக்மெண்டை ரேண்டம் ஹவுஸ் வாங்கியது. பின்னாளில் ஃபிக்மெண்டும் இல்லாமல் போனது. வாசகர்களின் கருத்தை வைத்து நாவல்களைத் தேர்ந்தெடுத்த மேக்மில்லனின் 'ஸ்வூன் ரீட்ஸ்' 2021-ல் முடிவுக்கு வந்தது.

ஏன் இப்படி?

கூட்டம் சேர்க்கிறது ஒரு வேலை, அதைப் பாதுகாப்பாக நடத்துவது வேறு வேலை. சிறார் பேசும் இடம் என்பதால் கமெண்ட்களைக் கண்காணிக்க ஆட்கள் வேண்டும், செலவு ஆகும். அந்தச் செலவால் எத்தனை புத்தகம் விற்றது என்று கணக்குக் காட்டுவது கஷ்டம். நிர்வாகம் மாறினால் முதலில் கத்தரி விழுவது இங்கேதான். இழப்பு நிறுவனத்துக்கு மட்டுமல்ல. அங்கே எழுதிப் பழகிய, நண்பர்களைப் பிடித்த பிள்ளைகளுக்கும் அந்த இடம் போய்விடுகிறது.

இன்னொரு சிக்கல், நம்பிக்கை. இலவசப் பிரதி வாங்கிக்கொண்டு புகழ்ந்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க விதி. சொல்லாமல் விட்டால், அது நண்பரின் பரிந்துரை இல்லை, சம்பளம் இல்லாத விளம்பரம்.

இந்தியாவில் என்ன நிலை?

டிக்டாக் 2020 ஜூனில் இங்கே தடை செய்யப்பட்டது. புத்தகப் பேச்சுக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூபும் தான் இப்போது இடம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லோரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் தேவை என்கிறது சட்டம். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் கூடாது என்கிறது. ஆக, பள்ளி மாணவர்களைச் சேர்த்து வாசகர் குழு நடத்த நினைக்கும் எந்தப் பதிப்பகமும் இதைத் தாண்டிப் போக முடியாது.

மொத்தத்தில், ஜான் கிரீன் நாலு வருஷம் பேசிவிட்டுத்தான் அந்தப் புத்தகத்தை நீட்டினார். முதல் நாளே புத்தகத்தை நீட்டினால், பிள்ளைகள் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவாங்க.